எளிய கணினியும் விளையாட்டுப் பதிவும்

கணினியில் விளையாடுதலும், அங்ஙனம் விளையாடியதைப் படமாகப் பதிந்து பிறர்க்குக் காட்டுதலும் இந்நாளில் மாணவரிடை மிகப் பரவியுள்ள வழக்கங்களாம். இவ்வழக்கம் நன்றோ தீதோ என ஆராய்வது ஈண்டு எமது கருத்தன்று. அதனை மேற்கொள்வோர், சிறப்பாக விலைகுறைந்த கணினி ஒன்றையே உடையோர், பதிவுக்குரிய அளவுகளைத் தெரிந்தெடுக்கும் முறையிற் பெரிதும் பிழைபடுகின்றனர் என்பதையும், அப்பிழையினால் வருங் கேடு படம் கெடுதலோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் எடுத்துக்காட்டவே இதனை எழுதப் புகுந்தோம்.

சென்ற ஆண்டில் நம் விடுதி மாணவர் ஒருவர், மைன்கிராப்ட் என்னும் விளையாட்டினுள் நம் கல்லூரி ஆலயத்தைக் கட்டி முடித்தார். அவ்விளையாட்டில் யாவும் கனசதுரக் கட்டிகளால் ஆயவை. கட்டியின்மேற் கட்டி அடுக்கி, மணிக்கூண்டும், வளைவுச் சாளரங்களும், வாயிற்படிகளும், முற்றத்து வேப்பமரமும் அமைய அவர் மூன்று திங்கள் உழைத்தார். கட்டியதைத் தம் வீட்டாருக்குக் காட்ட விரும்பினார். அவர்கள் நம் கல்லூரியை நேரிற் கண்டவரல்லர். ஆதலின், வாயிலிற் புகுந்து பலிபீடம் வரையில் நடந்துசெல்வதாக ஒரு படம் பதியத் துணிந்தார். பிறர் சொற்கேட்டு 1920×1080 என்னும் அளவும், வினாடிக்கு 60 படங்கள் என்னும் வேகமும், உயர்தரம் என்று எழுதியிருந்த இடந்தோறும் உயர்தரமும் குறித்துப் பதிந்தார். வந்த படமோ, நடப்பதுபோலத் தோன்றாது, ஒரு சித்திரத்தை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பதுபோல நின்று நின்று சென்றது. "ஐயா, என் கணினி இதற்கு உதவாது, புதியது வாங்கினாலன்றி முடியாது" என்று எம்மிடம் வந்து கூறினார். ஊரிற் சிறு கடை நடத்தும் அவர் தந்தையார் அதன்பொருட்டுக் கடன் கேட்கத் தொடங்கிவிட்டார் என்பதும் அப்பொழுதே எமக்குத் தெரிந்தது.

அக்கணினியை யாம் வாங்கிப் பார்த்தோம். இரண்டு கோர் உடைய இன்டெல் பிராசஸரும் 4 ஜி.பி. நினைவகமும் இருந்தன, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. அதன் திரையோ 1366×768 புள்ளிகளை உடையது. அஃதாவது, திரை முழுவதிலும் உள்ளவை 10,49,088 புள்ளிகளே. பதிவிற் கேட்கப்பட்டவையோ 20,73,600. திரையில் இல்லாத புள்ளிகளை மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கற்பித்து நிரப்பியது. அங்ஙனம் நிரப்பியதனாற் படத்தில் ஒரு நுட்பமேனும் கூடவில்லை. வேலை மட்டும் ஏறக்குறைய இருமடங்காயிற்று. ஒரு படிப் பாலில் ஒரு படி நீர் வார்த்து, இரண்டு படிப் பால் என்று சுமந்து செல்வதை ஒக்கும் இது.

கோபுரங் கட்டப் புகுவோன் முன்னர் அமர்ந்து, அதனை முடித்தற்குத் தன்னிடத்துப் பொருள் உளதோ எனக் கணக்கிடல் வேண்டுமென்னும் உவமையை நம் ஆலயத்திற் பலகாலுங் கேட்டிருக்கின்றோம். ஆலயத்தைக் கணினியிற் கட்டியவர், அதனைப் பதியும்பொழுது அக்கணக்கை மறந்தார். அவரை மட்டுங் குறைகூறல் தகாது. எண்கள் வரிசையாக நிற்கக் காண்போர், மிகப் பெரிய எண்ணே மிகச் சிறந்ததெனக் கொள்ளுதல் எங்குங் காணப்படும் இயல்பே. எமது துணிபு இதுவாம்: எளிய கணினியிற் பதியப் புகுவோர், பெரிய எண்ணிலிருந்து கீழ்நோக்கி இறங்காது, சிறிய எண்ணிலிருந்து மேல்நோக்கி ஏறுதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் கணினி தளர்கின்றதோ என அளந்து பார்த்தல் வேண்டும். அங்ஙனம் அளந்து பாராதவரையில், தம் கணினி பயனற்றதென்று எவரும் தீர்ப்புக் கூறலாகாது.

இதன் காரணத்தை விளங்கவைக்கச் சிறிது கணக்குக் கூறுதல் இன்றியமையாதது. விளையாட்டைப் பதியும்பொழுது கணினி ஒரே காலத்தில் இரண்டு வேலைகளைச் செய்கின்றது. விளையாட்டின் காட்சியை வரைவது ஒன்று; வரைந்த காட்சியைச் சுருக்கி வட்டில் எழுதுவது மற்றொன்று. நிறத்தின் விவரத்தைக் குறைத்துக்கொள்ளும் வழக்கமான முறையிலும், சுருக்கப்படாத படத்திற்குப் புள்ளி ஒன்றுக்கு ஒன்றரை பைட் வேண்டும். 1920×1080 அளவில் வினாடிக்கு 60 படங்களாயின், ஒரு வினாடிக்கு 18,66,24,000 பைட்டுகளும், ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 672 ஜி.பி.யும் ஆகும். 1280×720 அளவில் வினாடிக்கு 30 படங்களாயின், வினாடிக்கு 4,14,72,000 பைட்டுகளும், மணிக்கு ஏறக்குறைய 149 ஜி.பி.யும் ஆகும். முன்னையது பின்னையதினும் சரியாக நாலரை மடங்கு சுமையுடையது. இப்பெருஞ் சுமையை, ஒரு படத்தையும் அதன் பக்கத்துப் படங்களையும் ஒப்புநோக்கி, வேறுபட்ட பகுதிகளையே குறித்துக்கொண்டு, மணிக்கு இரண்டு மூன்று ஜி.பி. அளவிற்குச் சுருக்குவதே என்கோடர் என்னும் பகுதியின் தொழில். வினாடிக்கு 30 படங்களாயின் ஒரு படத்திற்கு 33 மில்லி வினாடி தவணை உண்டு. 60 ஆயின் 17 மில்லி வினாடி கூட இல்லை. தவணைக்குள் முடியாத படம் கைவிடப்படுகின்றது. கைவிடப்பட்ட படங்களே நம் நண்பர் கண்ட தடுமாற்றம்.

இனி, தெரிந்தெடுக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம். முதலாவது படத்தின் அளவு. எளிய கணினிக்கு 1280×720 தக்க தொடக்கமென்பது எமது கருத்து. அதன் புள்ளிகள் 9,21,600. பெரிய அளவில் நூற்றுக்கு 44 பங்கே. ஆயினும், விளையாட்டைத் திரையின் முழு அளவில் ஓடவிட்டுப் பதிவில் மட்டும் சுருக்குவது முழுப் பயன் தராது. 768 வரிகளை 720 ஆக ஒடுக்கும்பொழுது எழுத்துக்கள் மங்கும். விளையாட்டையே 1280×720 அளவில் ஓடச்செய்து, அந்த அளவிலேயே பதிவதே நேரிது. வரையும் வேலையும் குறையும். மாற்றும் வேலையும் ஒழியும்.

இரண்டாவது, வினாடிக்கு எத்தனை படம் என்பது. இதில் ஒழுங்கே முதன்மையானது. வினாடிக்கு ஒருகால் 55 ஆகவும் ஒருகால் 38 ஆகவும் ஓடும் விளையாட்டை 60 என்று பதிவதினும், விளையாட்டையே 30இற் கட்டுப்படுத்தி 30 என்று பதிவது கண்ணுக்கு இனிது. 60 ஆக உறுதியாக ஓடும் விளையாட்டையும் 30 ஆகப் பதியலாம். ஒன்றுவிட்டு ஒன்று எடுப்பதால் இடைவெளி ஒத்திருக்கும். 45, 50 போன்ற எண்கள் அங்ஙனம் பகுபடாமையால் அசைவு இடறும். மெல்லச் செல்லும் உத்தி விளையாட்டுக்கும், கட்டடங் கட்டும் விளையாட்டுக்கும் 30 போதியதே. கார்ப்பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும் போல் விரைந்து செல்வனவற்றிற்கு 60 மெய்யாகவே சிறந்தது என்பதை மறுக்கோம். அத்தகையோர், விளையாட்டு 60 ஆக ஓடுமாயின், அளவை 960×540 ஆகக் குறைத்து 60 பெறுவாராக. அதன் சுமை, 1280×720 அளவில் 30 படங்களின் சுமையினும் எட்டில் ஒரு பங்கே மிகுதி. இரண்டையும் வேண்டுவோர் இரண்டையும் இழப்பர்.

மூன்றாவது என்கோடர். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்னும் மென்பொருள் 2012ஆம் ஆண்டிற் றொடங்கப் பெற்றது, விலையின்றிக் கிடைப்பது, எளிய கணினி உடையார்க்குப் பெருந்துணையாவது. அதில் எக்ஸ்264 என்பதைத் தெரிந்தால், சுருக்கும் வேலை முழுவதும் பிராசஸரின் தலையிலே விழும். விளையாட்டும் அதே பிராசஸரை நம்பியிருப்பது. இதற்கு மாறாக, சுருக்குதற்கென்றே தனிப்பகுதி சில்லிலேயே அமைந்த கணினிகள் பல உள. இன்டெல் நிறுவனத்தார் 2011ஆம் ஆண்டில் குவிக் சிங்க் என்ற பெயரால் அதனை வெளியிட்டனர். என்விடியா, ஏ.எம்.டி. என்னும் நிறுவனத்தாரும் 2012ஆம் ஆண்டில் தத்தம் முறைகளை வெளியிட்டனர். நம் நண்பரின் கணினியிற் குவிக் சிங்க் இருந்தது. அஃது இருப்பதையே அவர் அறிந்திலர். வீட்டினுள் கிணறு இருக்க ஆற்றுக்குக் குடம் சுமந்தவர் போல், மூன்று வாரம் அவர் எக்ஸ்264 கொண்டே இடர்ப்பட்டார். ஆனால், தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கக் கண்டமாத்திரத்தில் இவ்வசதி உளதென்றும் கொள்ளலாகாது. ஜி.டி. 1030 என்னும் என்விடியா கார்டில் படத்தைச் சுருக்கும் பகுதி இல்லை. ஆதலின், மென்பொருளின் என்கோடர் பட்டியலைத் திறந்து பார்த்தே அறிதல் வேண்டும்.

பழைய குவிக் சிங்க் முறை, அதே கோப்பளவில் எக்ஸ்264 தருந் தெளிவைத் தருவதன்று என்பதும் உண்மையே. அதற்குக் கோப்பைச் சிறிது பெரிதாக்கிக்கொள்வதே மருந்து. வட்டில் இடம் பின்னர் மீட்கத்தக்கது; கைவிடப்பட்ட படம் மீட்கத்தக்கதன்று. எக்ஸ்264 அன்றி வேறு வழியில்லாதார், அதன் வேகப் படிகளில் 'வெரிபாஸ்ட்' என்பதிற் றொடங்கி, தளர்ச்சி காணின் 'சூப்பர்பாஸ்ட்', 'அல்ட்ராபாஸ்ட்' என்பவற்றிற்குச் செல்க. வேகம் மிக மிக ஆராய்ச்சி குறைந்து, ஒரே தெளிவுக்குக் கோப்புப் பெரிதாகும், அவ்வளவே. 'ஸ்லோ' என்பது சிறந்தது எனக் கேட்டு அதனைத் தெரிவோர், ஓடுகின்றவனை நின்று கணக்கெழுதச் சொல்கின்றனர்.

நான்காவது பிட்ரேட். நேரலையாக அனுப்புவோர்க்கு உரிய வழிமுறையைப் பதிவோரும் பின்பற்றுதல் பெரும்பிழை. நேரலையில் இணைய இணைப்பின் கொள்ளளவு ஒரு வரம்பாதலின், மாறாத பிட்ரேட் வைப்பர். வட்டில் எழுதுவோர்க்கு அவ்வரம்பில்லை. மாறாத தரம் என்பதே இவர்க்குத் தக்கது; எக்ஸ்264இல் அதனைச் சி.ஆர்.எப். என்பர். எண் குறையக் குறையத் தெளிவும் கோப்பும் பெருகும். 23 என்பதிற் றொடங்கித் தேவைக்கேற்ப 20 வரையிற் குறைக்கலாம். ஆலயத்தின் வெண்சுவர் போன்ற அமைதியான காட்சியில் இம்முறை தானே சிக்கனஞ் செய்யும். அசையும் இலைகளும் மழையும் வரும்பொழுது தானே தாராளமாகச் செலவிடும். யூடியூப் நிறுவனத்தார் தம் தளத்தில் ஏற்றுவோர்க்குக் கூறும் அளவு, 1280×720இல் 30 படங்களுக்கு வினாடிக்கு 5 மெகாபிட். 1920×1080இல் 60 படங்களுக்கு 12 மெகாபிட். 5 மெகாபிட் என்பது மணிக்கு 2.25 ஜி.பி. ஏற்றிய படத்தை அவர்கள் மீண்டுஞ் சுருக்குவர். ஆதலின் அதனினும் சற்றே மிகுதியாகப் பதிந்து வைப்பது நன்று, பன்மடங்கு மிகுதியாகப் பதிவது வீண். 'லாஸ்லெஸ்' என்பதையோ, எளிய கணினி உடையார் தொடவே வேண்டா. மெதுவாய்ச் சுழலும் பழைய வட்டு அவ்வெள்ளத்தைத் தாங்காது.

ஐந்தாவது கோப்பின் வகை. சிறியதென்று பலர் இதனைப் பொருட்படுத்தார். நம் நண்பரின் பதிவு ஒழுங்குபட்ட முதல் நாளிலேயே இதன் பெருமை விளங்கிற்று. எம்.பி.4 வகையிற் பதிந்துகொண்டிருந்தார். நாற்பது நிமிஷம் ஆயபின் மின்சாரம் நின்றது. அம்மடிக்கணினியின் பாட்டரியோ முன்னமே செயலற்றது. மின்சாரம் வந்தபின் கோப்பைத் திறந்தால் திறக்கவில்லை. என்னை? எம்.பி.4 வகையின் வழக்கமான அமைப்பில், எந்தப் படம் எங்கே உளது என்னும் அட்டவணை பதிவின் முடிவிலேயே எழுதப்படுகின்றது. அட்டவணை எழுதுமுன் கணினி நின்றால், உள்ளே படம் இருந்தும் காண வழியில்லை. எம்.கே.வி. வகையோ, நின்ற இடம் வரையில் உள்ளதைக் காக்கும். முடிந்தபின் 'ரீமக்ஸ்' என்னும் கட்டளையால், மீண்டுஞ் சுருக்காமலே, சில கணங்களில் அதனை எம்.பி.4 ஆக்கிக்கொள்ளலாம். ஓ.பி.எஸ். மென்பொருளில் 2024ஆம் ஆண்டில் இத்தீங்கைத் தவிர்க்குமாறு அமைந்த புதுவகை எம்.பி.4 ஒன்றும் சேர்க்கப்பட்டது. பழைய பதிப்பையே வைத்திருப்போர் எம்.கே.வி.யைப் பற்றுவாராக.

இவை யாவும் பதிவு மென்பொருளைப் பற்றியன. விளையாட்டையும் அடக்குதல் வேண்டும். மைன்கிராப்டில் எவ்வளவு தொலைவு வரையில் உலகம் வரையப்பட வேண்டுமென்பதை 'ரெண்டர் டிஸ்டன்ஸ்' என்னும் எண் வரையறுக்கின்றது. அதனை 16 என்று வைப்பின் விளையாடுவோனைச் சூழ 1,089 நிலப்பகுதிகள் கணக்கில் வரும். 8 என்று வைப்பின் 289 பகுதிகளே வரும். எண் பாதியாயிற்று, சுமையோ ஏறக்குறைய நாலிலொன்றாயிற்று. ஆலயத்தினுள் நடப்பவனுக்குத் தொலைவிலுள்ள மலை தெரியாமையால் என்ன குறை? மேலும், கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி படத்திற்கும் பொது நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்வது. ஆதலின் பிரௌசர் முதலியவற்றை மூடிவிட்டு விளையாடுக. சிறிது பொருள் செலவிட இயல்வோர் புதுக் கணினி வாங்குமுன் நினைவகத்தைப் பெருக்கிப் பார்க்க. இரண்டு துண்டுகளாக அமைந்த நினைவகம், ஒரே துண்டாக அமைந்ததினும் இத்தகைய கணினிகளில் விளையாட்டை விரைவாக ஓட்டும்.

அளவுகளை வைத்தபின் சோதித்தல் வேண்டும் என்றோம். சோதனை இரண்டு நிமிஷத்தில் முடிவதன்று. மடிக்கணினி தொடக்கத்தில் விரைந்து ஓடி, சூடேறியபின் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆதலின், மின்னிணைப்பில் வைத்து, விளையாட்டின் மிகச் சுமையுள்ள பகுதியில், இருபது நிமிஷம் பதிந்து பார்க்க. ஓ.பி.எஸ். மென்பொருளின் 'ஸ்டாட்ஸ்' பலகையில் இரண்டு கணக்குகள் தனித்தனியே காணப்படும். 'ரெண்டரிங் லேக்' என்பதிற் படங்கள் தவறின், காட்சி வரையும் பகுதி களைத்துள்ளது; விளையாட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தி, அதன் காட்சி நயங்களைக் குறைக்க. 'என்கோடிங் லேக்' என்பதிற் றவறின், சுருக்கும் பகுதி களைத்துள்ளது. என்கோடரையோ, அதன் வேகப் படியையோ, பதிவின் அளவையோ மாற்றுக. நோயறியாது மருந்து கொடுப்பவன் போல், இரண்டையும் பிரித்தறியாது எல்லா எண்களையும் ஒருங்கே மாற்றுவோர் எது பயன்பட்டதென்று என்றும் அறியார். ஒரு முறைக்கு ஒன்றை மாற்றுக. மாற்றியதைத் தாளிற் குறிக்க. நூற்றுக்கு ஒன்று தவறினாலும், 30 படங்களின் வேகத்தில் நிமிஷத்திற்குப் பதினெட்டுப் படங்கள் போயின என்பதை நினைக்க.

ஒலியைப் பற்றி ஒரு சொல். படம் சற்று மங்கினும் காண்போர் பொறுப்பர். பேச்சு விளங்காதாயின் பொறார். ஒலிக்கு வினாடிக்கு 160 கிலோபிட் கொடுப்பினும் நிமிஷத்திற்கு 1.2 எம்.பி.யே செலவு. ஈண்டுச் சிக்கனம் வேண்டா. பேசுவோன் குரலையும் விளையாட்டின் ஓசையையும் தனித்தனித் தடங்களிற் பதிந்தால், ஒன்றை ஒன்று விழுங்கியவிடத்துப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம்.

எளிய கணினியில் விளையாட்டைப் பதியும் முயற்சி புதியதன்று. 1993ஆம் ஆண்டில் டூம் என்னும் விளையாட்டு வெளிவந்தபொழுது, அக்காலத்து வீட்டுக் கணினிகள் ஓடும் படத்தைப் பதிந்து சுருக்கும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை. ஆயினும் அதில் ஆட்டத்தைப் பதிய வழி இருந்தது. எங்ஙனம்? படத்தைப் பதியாது, ஆடுவோன் இட்ட கட்டளைகளை மட்டும் அது பதிந்தது. வினாடிக்கு 35 முறை, முறைக்கு 4 பைட். நிமிஷத்திற்கு 8,400 பைட்டுகளே. அவ்விளையாட்டு, தற்செயலென்று தோன்றுவனவற்றையும் மாறாத எண் அட்டவணை ஒன்றிலிருந்தே எடுத்துக்கொள்ளுமாதலின், அதே கட்டளைகளை அதே பதிப்பில் மீண்டுங் கொடுத்தால் அதே ஆட்டம் பிறழாது நிகழும். 1996ஆம் ஆண்டில் குவேக் என்னும் விளையாட்டின் பதிவுக் கோப்பைக் கொண்டே 'டைரி ஆப் எ கேம்பர்' என்னும் சிறு கதைப்படத்தையும் இளைஞர் சிலர் ஆக்கினர். தம் கணினியால் இயலாததை விட்டு, இயன்றதைக் கொண்டு வழிகண்டோர் அவர். இன்றும், தன் ஆட்டத்தைத் தானே 'ரீப்ளே' ஆகச் சேமிக்கும் விளையாட்டை உடையார், முதலிற் கவலையின்றி விளையாடிவிட்டு, ஓய்வாகப் பின்னர் அதனை ஓட்டிப் படமாகப் பதியலாம்.

எம் கருத்துக்கு மறுப்புக் கூறுவோரும் உளர். வினாடிக்கு 60 படங்களும் பேரளவும் இல்லாத படத்தை இக்காலத்தில் எவர் பார்ப்பர் என்பது அவருள் ஒரு சாராரின் வினா. திரைப்படம் 1920களின் இறுதிதொட்டு வினாடிக்கு 24 படங்களையே கொண்டு உலகை மகிழ்வித்து வருகின்றதன்றோ என எளிதில் விடை கூறலாம். ஆனால் அவ்விடை முழுவதும் நேர்மையுடையதன்று. காமிராவில் எடுக்கப்படும் ஒவ்வொரு படத்திலும் அசைவின் மங்கல் படிந்து, அடுத்த படத்தோடு இழைகின்றது. விளையாட்டின் படங்களோ பெரும்பாலுங் கூரியனவாதலின், எண் குறைவு அங்கே விரைவிற் புலப்படும். ஆதலின் 60 சிறந்தது என்பதை ஒப்புகின்றோம். எமது வாதம், பெறக்கூடாத அறுபதினும் தவறாத முப்பது மேல் என்பதே. காண்போர் பலர் கையகலக் கைபேசியிற் காண்கின்றனர். அளவின் குறைவை அங்கே அவர் உணர்தல் அரிது, தடுமாற்றத்தையோ உடனே உணர்வர்.

புதிய கணினியே எல்லாவற்றையுந் தீர்க்கும் என்பார் மற்றொரு சாரார். பொருளுடையார் வாங்குக; தடுப்பாரில்லை. ஆனால் அளவறியாதவர் கையிற் புதிய கணினியும் விரைவிற் பழையதாகிவிடும். 1920×1080 இனிது ஓடக் கண்டவுடன் அவர் 3840×2160 என்பதை நாடுவர். அது நான்கு மடங்கு. அங்கும் படம் தடுமாறும். அங்கும் கணினியே குற்றவாளியாகும். தமிழ்நாட்டு அரசினர் 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கினர். அத்தகைய எளிய கணினியிலேயே முதன்முதல் விரல் வைத்தவர் நம்முட் பலர். அவர்தம் கையிலுள்ளதை நாணத்திற்குரிய பொருளாக்கும் பேச்சு எதுவாயினும், அதனை நாம் எதிர்த்தல் வேண்டும். அப்பேச்சுக்குச் செவிகொடுத்த மாணவன், செய்யத்தக்கதைச் செய்யாது விடுகின்றான்; அன்றேல், பெற்றோர் கையாற் செய்கின்றான்.

நம் நண்பரின் செய்தியைக் கூறி முடிப்பாம். விளையாட்டும் பதிவும் 1280×720, இரண்டும் வினாடிக்கு 30, தொலைவு 8, என்கோடர் குவிக் சிங்க், கோப்பு எம்.கே.வி. இருபது நிமிஷச் சோதனையில் 36,000 படங்களுட் கைவிடப்பட்டவை ஐந்தே. மறுநாள் மாலை, ஆலயத்தின் மணியோசையைக் கைபேசியிற் பதிந்து வந்து படத்தின் தொடக்கத்திற் சேர்த்தார். வாயில் திறந்து, வளைவுகளின் கீழே ஒழுங்காக நடந்து, பலிபீடத்தின்முன் நிற்கும் அப்படம் பதினொரு நிமிஷம் ஓடிற்று. தந்தையார் தம் கடையிலேயே கைபேசியில் அதனைக் கண்டு, வந்த வாடிக்கையாளர் இருவரையும் நிறுத்திக் காட்டினாராம். "எத்தனை புள்ளி, எத்தனை படம் என்று அப்பா கேட்கவில்லை, ஐயா, அந்த வேப்பமரம் மெய்யாகவே அவ்விடத்தில் இருக்கின்றதா என்றுதான் கேட்டார்" என்று நண்பர் கூறினார். கடன் வாங்கப்படவில்லை.

மாணவ நண்பர்காள்! உங்கள் கணினியைப் பழிக்குமுன், ஒரு மாலைப் பொழுதை அதனை அறிதற்குச் செலவிடுங்கள். அஃது இயலாது என்று சொல்லும் எல்லையை நீங்களே அளந்து காணுங்கள். அவ்வெல்லைக்குள் நின்று செய்யத்தக்கது நீங்கள் எண்ணியதினும் பெரிது.